ஹீலோ பக்கம் போனா இந்த தோட்டத்துக்கு அரை நாள் ஒதுக்குங்க

ஹவாய் பிக் ஐலண்ட் போற நம்ம ஆளுங்க பாதி பேரு மேற்குக் கரையில இருக்கிற கோனா பக்கம் ரூம் போட்டுடறாங்க, வெயிலு, பீச்சு, எல்லாம் அங்கதான். கிழக்குக் கரை ஹீலோ பக்கம் எரிமலை பார்க் போறப்ப ஒரு எட்டு பார்த்துட்டு, "சே, ஒரே மழைப்பா"ன்னு திரும்பிடறாங்க. அந்த மழைக்காகவே போக வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, ஹவாய் டிராபிக்கல் பயோரிசர்வ் அண்ட் கார்டன். முன்னாடி டிராபிக்கல் பொட்டானிக்கல் கார்டன்னு பேரு, பழைய டிராவல் புக்ல அப்படித்தான் இருக்கும். ஹீலோல இருந்து வடக்க பாபாய்க்கோ தாண்டி, மெயின் ரோட்டை விட்டு கடல் பக்கம் இறங்குற நாலு மைல் பழைய ரோட்டுல, ஓனோமியா வளைகுடா ஓரத்துல.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ரெயின்ஃபாரஸ்ட் ஹைக்கிங்னு யாராவது சொன்னதை நம்பி டிரெக்கிங் பூட்ஸ், கம்பு எல்லாம் எடுத்துட்டு போகாதீங்க. இது ஒழுங்கா போட்ட நடைபாதை, பலகைப் பாலம், கைப்பிடி எல்லாம் இருக்கிற இடம். ஆனா சரிவு உண்டு. டிக்கெட் வாங்கிட்டு ரோட்டைத் தாண்டினதுமே பலகைப் பாதை பள்ளத்தாக்குக்குள்ள செங்குத்தா இறங்க ஆரம்பிச்சுடும். இறங்கறப்ப ஜாலியா இருக்கும், அதே வழியா ஏறி வரணும்ங்கறது அப்புறம்தான் ஞாபகம் வரும். முட்டி வலி இருக்கிற அம்மா அப்பாவை கூட்டிட்டு போனா மேல ஏற மட்டும் தனியா டைம் வச்சுக்கோங்க, நின்னு நின்னு ஏறலாம், யாரும் துரத்தல.

இந்த இடம் வந்த கதைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. சான் ஃபிரான்சிஸ்கோல லாரி பிசினஸ் பண்ணிட்டு இருந்த டான் லுட்கென்ஹவுஸ்ங்கறவர், மனைவி பாலினோட 1977ல இங்க வந்தவரு, இந்த பள்ளத்தாக்கைப் பார்த்து மயங்கி 17 ஏக்கரை வாங்கிட்டார். அப்போ உள்ள நுழையவே முடியாத புதர். பிசினஸை வித்துட்டு வந்து வருஷக்கணக்கா கூட ஆளை வச்சுக்கிட்டு வெட்டுக்கத்தி, கடப்பாரை, மண்வெட்டின்னு கையாலயே வெட்டியிருக்காரு. டிராக்டர் விட்டா மர வேரு போயிடும், இடத்தோட இயல்பே கெட்டுடும்னு மெஷினை உள்ள விடல. மூணு அடுக்கா விழற ஓனோமியா அருவியே புதருக்குள்ள மறைஞ்சு கிடந்து, வெட்டிட்டே போறப்பதான் கண்ணுல பட்டுதாம். 1984ல பொதுமக்களுக்கு திறந்தாங்க. பாதை ஏன் நேரா போகாம இந்த மரத்தை சுத்தி அந்த பாறையை சுத்தி வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு இந்த கதை தெரிஞ்சா புரியும், இருக்கிறதை வெட்டாம வழி கண்டுபிடிச்சிருக்காங்க.

செடி 2,000 வகைக்கு மேல இருக்கு, எல்லாத்தையும் பார்க்கணும்னு கிளம்பினா தலை சுத்திடும். நான் டார்ச் ஜிஞ்சர் பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். இலைத் தண்டு தலைக்கு மேல ரெண்டு ஆள் உயரம் போகுது, பூ மட்டும் அதோட சேராம தனியா ஒரு மொட்டைத் தண்டுல தரையில இருந்து கிளம்பி இடுப்பு உயரத்துல நிக்குது. தொட்டா மெழுகு மாதிரி இருக்கு, இதழ் இதழா அடுக்கு, ஒவ்வொரு அடுக்குலயும் எறும்பு. இஞ்சி, மஞ்சள், ஏலக்காய் குடும்பம்தான் இதுவும். ஏலக்காயும் இப்படித்தானே அடியில இருந்து தனியா பூக்கும். மலேசியாக்காரங்க இதோட மொட்டை லக்சாங்கற நூடுல்ஸ் குழம்புல நறுக்கிப் போடுவாங்க, அவங்களுக்கு இது பூவே இல்ல, சமையல் சாமான்.

ஹெலிகோனியா வரிசையும் அப்படித்தான், இலையைப் பார்த்தா வாழைன்னு நினைச்சுடுவீங்க. நிமிர்ந்து நிக்கிற வகையில அந்த சிவப்பு மடல் ஒவ்வொண்ணுலயும் மழைத்தண்ணி தேங்கி நிக்கும். இதுல முக்கால்வாசி அமெரிக்க கண்டத்து மழைக்காட்டுச் செடி, அங்க ஹம்மிங்பேர்ட் வந்து தேன் குடிக்கும், ஹவாய்ல அந்தப் பறவையே கிடையாது, அதனால சும்மா அழகுக்கு பூத்துட்டு இருக்கு பாவம்.

இதை சொல்லியே ஆகணும், இங்க பார்க்கிறதுல பெரும்பாலானது ஹவாயோட சொந்த காடு இல்ல, உலகம் பூரா இருந்து கொண்டு வந்து வச்சது. ஓஹியா மரம் நிறைஞ்ச அசல் ஹவாய் காடு பார்க்கணும்னா எரிமலை பார்க் பக்கம்தான் போகணும். இது தெரியாம போறவங்க "எவ்வளவு நேச்சுரலா இருக்கு"ன்னு சொல்றப்ப எனக்கு சிரிப்பு வரும். தோட்டம்னு நினைச்சு போனா குறையே தெரியாது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு வசதி, பாதி மரம் தெரிஞ்ச முகம். தாழை, மா, தென்னை எல்லாம் இருக்கு. மங்கிபாட்னு போர்டு போட்டிருந்த ராட்சச மரத்தைப் பார்த்து எங்க அம்மா, "ஏண்டி, இது எங்க ஸ்கூல் வாசல்ல நின்ன தூங்குமூஞ்சி மரம்ல, இதை பார்க்கவா டிக்கெட்டு?"ன்னு கேட்டாங்க. ஆனா அதே அம்மாதான் அதோட தண்டுல ஏறியிருக்கிற கொடியோட இலை முறம் சைஸுக்கு இருக்குன்னு கையை விரிச்சு அளந்து பார்த்துட்டு நகரவே மாட்டேன்னாங்க.

அருவிக்கு வர்றேன். குற்றாலம் மாதிரி தலையைக் கொடுத்து குளிக்கிற அருவி இல்ல, நின்னு பார்க்கிற அருவி. உயரமும் பெருசா இல்ல. உயரம்தான் வேணும்னா கொஞ்ச தூரம் வடக்க அகாக்கா அருவி இருக்கு, 442 அடி, ஒரே வீச்சுல விழும், வெளியூர்க்காரங்களுக்கு ஆளுக்கு 5 டாலர், காருக்கு 10 டாலர். ஆனா அங்க தள்ளி நின்னு வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்துட்டு வரணும், இங்க சாரல் கண்ணாடியில படியும். ரெண்டுல ஒண்ணுதான்னா நான் இதைத்தான் சொல்வேன். எந்த ஓடையிலயும் கால்ல புண்ணு வச்சுக்கிட்டு இறங்காதீங்க, ஹவாய் ஆத்துத் தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி உண்டு, மலை மேல மழை பெஞ்சா திடீர்னு வெள்ளமும் வரும்.

பாதை கடைசியில கடல். ஒரு காலத்துல மீனவர் கிராமம் இருந்த இடம், பாறை வளைவு ஒண்ணு இருந்து 1956ல இடிஞ்சு விழுந்துடுச்சு. இப்போ ரெண்டு பாறை மட்டும் நிக்குது, ஊரைக் காப்பாத்த ஒரு காதல் ஜோடி பாறையா மாறினதா கதை சொல்றாங்க.

மழை பத்தி பயப்படவே வேண்டாம், தப்பிக்கவும் முடியாது. வடகிழக்குல இருந்து வர்ற காத்து மௌனா கேயா மலையில முட்டி மேல ஏறி குளிர்ந்து அத்தனையும் இந்தப் பக்கமே கொட்டிடும், ஹீலோல வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல, சென்னையை விட ரெண்டு மடங்கு தாண்டும். பிளாஸ்டிக் கோட்டை விட குடை நல்லது, கோட்டு போட்டா உள்ள வேர்த்து ஊத்தும். கொசு மருந்து கட்டாயம். 1820கள் வரைக்கும் ஹவாய்ல கொசுவே கிடையாதாம், கப்பல் தண்ணி பீப்பாயில வந்து இறங்கிச்சாம், வந்தது நல்லா செட்டில் ஆயிடுச்சு. அட்டை பயம் இல்ல, பாம்பு பயமும் இல்ல. பலகை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னாடி பட்டை வச்ச சாண்டல் போதும்.

டிக்கெட் மலிவு கிடையாது, அரை மணி நேரம் ஓடிப் போய் செல்ஃபி எடுத்துட்டு வர்றவங்களுக்கு வேஸ்ட்தான். ரெண்டு மணி நேரமாவது உள்ள இருக்கணும். கோனால இருந்து வர்றீங்கன்னா மலை நடுவால போற ரோட்டுல ரெண்டு மணி நேரம் ஆயிடும், அதனால காலையில சீக்கிரம் கிளம்புங்க. மதியம் அகாக்கா, டைம் இருந்தா ஹீலோ ஊருக்குள்ளயே ரெயின்போ ஃபால்ஸ், அது ஃப்ரீ. எரிமலை பார்க்கை அதே நாள்ல திணிக்காதீங்க, அதுக்கு தனியா ஒரு நாள் வேணும்.