கல்நார் கூரை: பெயிண்ட் அடித்தால் போதுமா, மேலே தகரம் போடலாமா, கழற்றிவிட வேண்டுமா?

எங்கள் சமுதாயக்கூடத்தின் கூரையில் இருந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமெண்ட் ஷீட்டை என்ன செய்வது என்று ஊரில் எட்டு மாதம் பேசினோம். கோத்தகிரிக்குக் கீழே தேயிலைக்கு நடுவில் இருக்கிற குடியிருப்பு எங்களுடையது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும். கூடத்தையும் அதை ஒட்டிய பால்வாடியையும் சேர்த்து 64 ஷீட். எல்லாம் 1980களில் போட்டது. காதுகுத்து, கல்யாணம், சாவு, சங்கக் கூட்டம் எல்லாமே அதன் கீழேதான் நடந்தன. கடைசியில் கழற்றினோம், கழற்றி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. குன்னூர், கூடலூர்ப் பக்கமிருந்து இரண்டு மூன்று பேர் இதே கேள்வியோடு வந்ததால், நாங்கள் எடைபோட்ட மூன்று வழிகளையும் எழுதிவைக்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் என்றால் கழற்றுவதுதான்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாம் சிமெண்ட் ஷீட் என்று சொல்வதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார் இழை, மிச்சம் சிமெண்ட். இழை மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா, நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் ஆகியவை அதனால் வருகின்றன. வெள்ளை, நீலம், பழுப்பு என்று எல்லா வகைக் கல்நாரையும் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே சொல்கிறது. நோய் தெரியவர 20, 30, 40 வருஷம்கூட ஆகும். பிரிட்டன் 1999இல் தடை செய்தது, ஆஸ்திரேலியா 2003இன் கடைசி நாளில், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005இல். நம் நாட்டில் ஷீட் இன்றும் கடையில் கிடைக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடக் கூரைகளைப் படிப்படியாக ஓட்டுக்கு மாற்றச் சொல்லி மாநில மனித உரிமை ஆணையம் 2009இலேயே சொன்னது.

முதல் வழி, அப்படியே விட்டுவிட்டு மேலே பெயிண்ட் அடிப்பது. இதற்குப் பின்னால் இருக்கிற நியாயத்தை நான் மறுக்கவில்லை. உடையாத, உதிராத சிமெண்ட் ஷீட்டில் இழை சிமெண்டுக்குள் பிடிபட்டிருக்கும். அதைத் தொடாமல் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. கழற்றுகிறேன் என்று தட்டி உடைப்பதுதான் பெரிய தப்பு. வெளிநாடுகளில்கூட நல்ல நிலையில் இருக்கிற ஷீட்டைப் பதிவேட்டில் எழுதி, வருஷாவருஷம் பார்த்து, அதன் இடத்திலேயே விட்டுவைக்கிறார்கள். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, வெயில் அடிக்கிற ஊரில் எனக்கு ஒரு கூடம் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எல்லாம் அந்தத் ‘தொடாமல் இருந்தால்’ என்பதில்தான் இருக்கிறது. நீலகிரியில் எந்தச் சிமெண்ட் ஷீட்டைத் தொடாமல் விட்டிருக்கிறோம்?

எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. மழை விட்டாலும் மூடுபனி விடாது. வடக்குச் சரிவில் ஷீட் மாசிவரைக்கும் முழுசாகக் காயாது. பாசி விரல் தடிமனுக்குப் பிடிக்கும். பாசியால் நேரடிக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அது ஷீட்டும் ஷீட்டும் ஏறி உட்கார்ந்த இடத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், தண்ணீர் உள்ளே சொட்டும், சொட்டினால் யாராவது ஏறித்தான் ஆக வேண்டும். பொங்கலுக்கு முன்னால் கூரையைச் சுரண்டுவது எங்கள் ஊரில் வழக்கம். 1998 முதல் ஏழு வருஷம் நானும் ஏறியிருக்கிறேன். கையில் கம்பி பிரஷ், இடுப்பில் கயிறு. பச்சைப் பாசி போனதும் கீழே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஷீட் தெரியும். கிட்டப் பார்த்தால் வெல்வெட் துணி மாதிரி மெல்லிய மயிர் நிற்கும். மழைநீர் மேல்பூச்சுச் சிமெண்டை அரித்துவிட்டதால் வெளியே வந்து நிற்கிற இழை அது. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. பதினோரு மணி வெயிலில் அது காய்ந்து பொடியாகப் பறக்கும். அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போவேன். அம்மா அதை வாசலில் உதறித்தான் துவைக்கப் போடுவாள். இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே இந்த மூன்று வழிகளையும் பிரிக்கிற கேள்வி ஒன்றுதான்: இனி இருபது வருஷத்தில் எத்தனை தடவை ஒரு ஆள் அந்த ஷீட்மேல் கைவைக்க வேண்டியிருக்கும்? செலவு, அழகு, குளிர் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெயிண்ட் இந்தக் கேள்வியில் தோற்றது. அடிப்பதற்கு முன்னால் பாசியைச் சுத்தமாக எடுத்தாக வேண்டும். அதாவது எதைத் தவிர்க்கப் பெயிண்டோ, அதையே ஒருதடவை முழுக் கூரையிலும் செய்ய வேண்டும். பிரஷர் பம்ப் வைத்து அடிக்கலாம் என்றார் ஒருவர். அது இன்னும் மோசம், அரித்துப்போன மேல்பரப்பைப் பிய்த்துச் சுவரிலும் முற்றத்திலும் தெளித்துவிடும். பால்வாடிப் பக்கம் ஆறு ஷீட்டில் மட்டும், பாசியை நனைத்து மரச்சட்டத்தால் வழித்துவிட்டு அடித்துப் பார்த்தோம். இரண்டாவது மழையிலேயே வடக்குச் சரிவில் கொப்புளம் விட்டது. உட்பக்கம் அடித்தது மட்டும் நன்றாக நின்றது. கழற்றப் பணம் வரும்வரை காத்திருக்கிற பள்ளிக்கூடம் எதுவானாலும், உட்பக்கத்துக்கு இரண்டு கோட் அடித்துவைப்பது வீண் போகாது.

பாசி மட்டும் இல்லை. சில்வர் ஓக் கிளை முறிந்து விழும், கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) பட்டையும் காயும் கொட்டும், குரங்கு கூட்டமாகக் குதிக்கும். நாற்பது வருஷ ஷீட் பெரிய ஆண் குரங்கின் குதியைத் தாங்காது. உடைந்த ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு ஆள் ஏறுவார், கட்டிங் மெஷினால் புது ஷீட்டை அளவுக்கு வெட்டுவார், உடைந்த துண்டைப் பின்பக்கச் சரிவில் வீசுவார். அந்தச் சரிவுக்குப் பிறகு வருகிறேன்.

கூரைத் தண்ணீர் விழுகிற தகரப் பீலியையும் சொல்ல வேண்டும். அதில் படிகிற கறுப்பு வண்டலில் உதிர்ந்த இழையும் சேர்ந்திருக்கும். பால்வாடி ஆயா அதை வழித்துக் குழந்தைகள் வைத்திருந்த ஜெரேனியத் தொட்டிகளுக்குப் போட்டுவந்தார். ஈரமாக இருக்கிறவரை பரவாயில்லை. காய்ந்தால் அது தூசி. நாங்கள் கண்ணால் பார்த்து முதலில் நிறுத்தியது அதைத்தான்.

இரண்டாவது வழி, பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே தகர ஷீட் போடுவது. குழுவில் பாதிப் பேர் இதற்குத்தான் நின்றார்கள். செலவு குறைவு, கழிவு இல்லை, கூடத்தைப் பூட்ட வேண்டாம், பாசியும் குரங்கும் தகரத்தோடு நின்றுவிடும். என்னைத் தடுத்தவை இரண்டு. புதுச் சட்டம் பிடிக்கப் பழைய ஷீட்டில் நூற்றுக்கணக்கான ஓட்டை போட வேண்டும், அதுவும் அதன்மேல் நின்றுகொண்டு. சிமெண்ட் ஷீட் உடைந்து உள்ளே விழுந்து செத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்தது மறதி. பதினைந்து வருஷம் கழித்து ஃபேன் மாட்டவோ குழாய் விடவோ வருகிற பையனுக்கு, தகரத்துக்குக் கீழே கல்நார் இருப்பது தெரியாது. ஆனால் இதை ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். பழைய போல்ட் இருக்கிற இடத்திலேயே பிடித்து, சுவரில் பெரிதாக எழுதியும் வைத்து, இரண்டு பாரத்தையும் கைமரம் தாங்குமா என்று இன்ஜினியரை வைத்துப் பார்த்துச் செய்தால் நன்றாக அமையலாம். செய்தவர்கள் அனுபவத்தைத்தான் கேட்க வேண்டும், நாங்கள் செய்யவில்லை.

மூன்றாவது வழி, கழற்றுவது. அதற்குப் பெயிண்டுக்குச் சொன்ன தொகையைப்போல் ஐந்து மடங்கு ஆனது. முதலில் வந்த மேஸ்திரி, “ஒரே நாள்ல தட்டி இறக்கிடலாம் சார், நாலு ஆளு போதும்” என்றார். அவரை அனுப்பிவிட்டு, கோயம்புத்தூரில் தொழிற்சாலைக் கூரை கழற்றிப் பழகிய ஆட்களைக் கூப்பிட்டோம். மே மாதம், பால்வாடி லீவில், காற்றில்லாத காலை வேளைகளில் ஆறு நாள். தேயிலைக்கு மருந்தடிக்கிற முதுகு ஸ்ப்ரேயர் மாதிரியே புதிதாக ஒன்று வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து ஷீட்டை இரண்டு பக்கமும் நனைத்துக்கொண்டே இருந்தார்கள். சோப்பு கலந்தால் தண்ணீர் வழிந்தோடாமல் ஊறும். ஷீட்டைப் பிடித்திருந்த துருப்பிடித்த ஜே போல்ட்டை (கொக்கி மாதிரி வளைந்த போல்ட்) கிரைண்டர் வைக்காமல் போல்ட் கட்டரால் நறுக்கினார்கள். ஷீட்மேல் மிதிக்காமல் பலகை போட்டு நின்றார்கள். ஒரு ஷீட் நாற்பது கிலோ இருக்கும். இரண்டு கயிற்றில் முழுசாக இறக்கினார்கள். 64இல் உடைந்தது ஐந்து. வடிகட்டி மாட்டிய அரைமுக மாஸ்க் எல்லோருக்கும். கர்சீப்பும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இதற்கு உதவாது. உள்ளே துடைப்பமே போடவில்லை, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் மூட்டையில் கட்டினார்கள்.

மூட்டைதான் எங்களை அலைக்கழித்தது. தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, ‘கல்நார், பிரிக்காதே’ என்று எழுதி, பழைய விறகுக் கொட்டகையில் பூட்டிவைத்தோம். ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றுக்குப் போகச் சொன்னார்கள். மலையிலேயே குழி வெட்டிப் புதைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. எங்கள் சரிவுக்குக் கீழே ஊற்று இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் இந்தப் பக்கம் மண் எப்படிப் பெயர்ந்தது என்று பார்த்தவர்கள் யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் அபாயக் கழிவைப் புதைக்கிற நிலையத்துக்கு லாரி இறங்கியது. நீங்கள் கழற்றப் போகிறீர்கள் என்றால் முதல் போல்ட்டில் கைவைக்கும் முன் இந்த ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால், என் கட்சியை விட்டு நானே உங்களை இரண்டாவது வழிக்கு அனுப்புவேன்.

கழற்றிய இடத்தில் கலர் தகர ஷீட் போட்டோம். மங்களூர் ஓடு அழகுதான், ஆனால் குரங்குக்கும் கைமரத்துக்கும் பயந்து விட்டுவிட்டோம். கல்நார் இல்லாத ஃபைபர் சிமெண்ட் ஷீட்டும் வருகிறது. பாசி அதையும் விடாது என்பதால் ஆர்வம் காட்டவில்லை. தகரத்தில் பாசி பிடிமானமில்லாமல் மழையோடு வழிகிறது. மூன்று வருஷத்தில் இரண்டே தடவை ஏறினோம், ஸ்க்ரூ முடுக்க. குறையும் உண்டு. தை மாதத்து உறைபனியில் உள்பக்கம் வேர்த்துச் சொட்டியது. ஃபாயில் விரித்து சீலிங் அடித்ததும் நின்றது. மழைச் சத்தம் பெரிது. அதைக் குறையாகச் சொன்னபோது இலங்கைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்த எங்கள் ஊரின் மூத்த பாட்டி, “நுவரெலியா லயத்துல தகரத்துக்குக் கீழதான்யா பொறந்தோம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும்” என்றார். பதினைந்தாவது வருஷம் இந்தத் தகரம் துருவில் எப்படி நிற்கும் என்பதை அப்போது இருப்பவர்கள்தான் எழுத வேண்டும்.

அந்தப் பின்பக்கச் சரிவில் முப்பது வருஷமாக வீசிய துண்டுகள் கிடந்தன. அங்கேதான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், பந்தைத் தேடி இறங்குவார்கள். நடைபாதைப் பள்ளத்துக்கும் பாத்தி வரப்புக்கும்கூட அதே துண்டுகளைத்தான் போட்டிருந்தோம். கண்ணில் பட்டதையெல்லாம் நனைத்துப் பொறுக்கி, அதே லாரியில் அனுப்பி, வேலி அடைத்து, சரிவு முழுக்க நல்ல மண் கொட்டிப் புல் வைத்தோம். கூரை வேலையைவிட இதற்குத்தான் அதிக நாள் ஆனது. இன்னும் முடியவில்லை. பெரிய மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, ஈரம் காயும் முன்னால், மூடிபோட்ட வாளியோடு இரண்டு பேர் சரிவில் நடக்கிறோம். போன கார்த்திகையில் நாலு துண்டு அகப்பட்டது.