நான் ஊட்டிய எல்ஃப்கள் எதிர்க்கட்சிக்குப் போன கதை: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், பத்தாண்டு அனுபவம்

மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், பங்கு, முன்பணம் என்று வருடம் முழுக்க ஓடும் நோட்டு, ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மூடிவிடும். அந்த நாட்களைக் கழிப்பதற்காக 2014-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இந்த இணையக் கணினி விளையாட்டைத் தொடங்கினேன். அப்போது தடை 45 நாள். 2017-ல் அதை 61 நாளாக்கினார்கள். ஊரே தலையில் கைவைத்தது; எனக்கு மட்டும் பதினாறு நாள் கூடுதல் ஆட்டம். இதை ஜெட்டியில் நின்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. காடுகளும் இசையும் இன்றும் அலுக்கவில்லை. என் வழக்கு கதையோடுதான், அதிலும் எல்ஃப் எனப்படும் கூர்ங்காது மாய இனங்களின் பங்காளிச் சண்டையோடுதான்.

ஆட்டத்தில் எதிரெதிராக நிற்பவை இரண்டு கட்சிகள். நான் ஆடுவது நைட் எல்ஃப், அலையன்ஸ் கட்சி. அக்கா மகன் ஆடுவது பிளட் எல்ஃப், ஹோர்டு கட்சி. இரண்டும் ஒரே வம்சம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மந்திர ஊற்றின் மேல் வெறிகொண்ட அரசி அஷாராவும் அவளுடைய ஹைபோர்ன் பிரபுக்களும் உலகத்தையே பிளந்தார்கள். மிஞ்சிய நைட் எல்ஃப்கள் மந்திரத்தைத் தடை செய்தார்கள். கைவிட மறுத்த ஹைபோர்ன்களை நாடு கடத்தினார்கள். அவர்கள் கடல் கடந்து போய்க் குவெல்தலாஸ் நாட்டைக் கட்டி ஹை எல்ஃப் ஆனார்கள். பின்னாளில், தீமைக்கு மாறிய மனித இளவரசன் ஆர்தஸின் பிணப்படை அந்த நாட்டை அழித்தது. தப்பியவர்கள், செத்தவர்களின் நினைவாகப் பிளட் எல்ஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். இதுவரை எல்லாம் பிரமாதம். எங்கள் கடலில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள மனத்தாங்கல்போல, இரு பக்கமும் உட்கார்ந்து பேசினால் இரண்டுமே நியாயமாகத் தோன்றும்.

கணக்கு உதைக்கத் தொடங்குவது அதற்குப் பிறகு. பத்தில் ஒன்பது பேர் செத்துப்போன இனம் என்றார்கள். அந்த இனம் 2007-ல் ஹோர்டில் சேர்ந்தது முதல், நடந்த எல்லாப் போருக்கும் படை அனுப்பியிருக்கிறது. ஆள் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. இதில் வேடிக்கை, கதை எழுதியவர்கள் மறந்ததை நிலத்தை வரைந்தவர்கள் மறக்கவில்லை. தலைநகர் சில்வர்மூனில் பாதி வருடக்கணக்கில் இடிந்தே கிடந்தது. பிணப்படை நடந்துபோன பாதையில் புல் முளைக்காமல், காட்டின் நடுவே கறுத்த வடுவாக ஓடியது. முதன்முதலில் அதன் மேல் நடந்தபோது தனுஷ்கோடி நினைவுக்கு வந்தது. 1964 புயலுக்குப் பின் மணலில் நிற்கும் அந்தத் தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்கு, மக்கள் குறைந்த ஊர் எப்படி இருக்கும் என்று யாரும் வசனம் பேசி விளக்க வேண்டியதில்லை.

எழுதத் தெரியாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2012-ல் வந்த பாண்டேரியா பாகத்தில், பிளட் எல்ஃப் தலைவர் லோர்தேமார் அலையன்ஸுக்குத் திரும்பலாமா என்று இரகசியமாகப் பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து டலாரன் நகரத்திலிருந்த அவருடைய மக்களை, அந்நகரை ஆண்ட, அலையன்ஸ் பக்கம் சாய்ந்த மந்திரவாதி ஜெய்னா விரட்டியடிப்பாள். பேச்சு முறியும். காரணம், விளைவு, வடு மூன்றும் கண்ணெதிரே இருந்தன. மருமகன் அன்றைக்கு என்னோடு சரியாகப் பேசவில்லை. நல்ல கதைக்கு வேறு சான்று வேண்டாம்.

இனி என் வயிற்றெரிச்சல். 2017 தடைக்காலத்தின் பெரும்பகுதியை சுராமர் நகரத்தில் கழித்தேன். பத்தாயிரம் ஆண்டு மந்திரக் குடைக்குள் அடைந்து கிடந்த நைட்போர்ன் எல்ஃப்களின் ஊர் அது. அவர்களுக்கு மந்திர ஊற்றுதான் சோறு. கிடைக்காவிட்டால் மதிகெட்டு வற்றிப்போவார்கள். அரசை எதிர்த்து வெளியேறிய தலிஸ்ரா ஒரு குகையில் ஒளிந்திருப்பாள். நான் வெளியே அலைந்து மானா என்னும் அந்தச் சக்தியைப் பொறுக்கிவந்து அவளுக்கும் அவளுடைய கூட்டாளிகளுக்கும் ஊட்ட வேண்டும். நாலு நாள் போகாவிட்டால் மறுபடி பசி என்பார்கள். மின்சாரம் போன மதியங்களில்கூட, வந்ததும் முதல் வேலையாக அந்தக் குகைக்குப் போயிருக்கிறேன். சுராமரை மீட்க நைட் எல்ஃப் படையும் வந்தது, பிளட் எல்ஃப் படையும் வந்தது.

2018 ஜனவரியில் தலிஸ்ரா தன் இனத்தோடு ஹோர்டில் சேர்ந்தாள்.

ஏன் என்பதை என் கணினியில் பார்க்கவும் முடியவில்லை. அந்தக் காட்சி ஹோர்டுக்காரர்களுக்கு மட்டும். அக்கா வீட்டுக்குப் போய் அவனுடைய திரையில் பார்த்தேன். எங்கள் தலைவி டைராண்டே அவர்களைச் சந்தேகத்தோடு பேசினாளாம். பிளட் எல்ஃப்களோ, ஊற்றை இழந்த வலி தெரிந்தவர்களாம். முடிவு தவறில்லை, ஒரே நோய் கண்டவர்கள் ஒட்டிக்கொள்வது இயல்பு. ஆனால் இதே டைராண்டேயின் மக்கள்தான் 2010-ல், தாங்கள் ஒதுக்கிவைத்த ஹைபோர்ன்களில் ஒரு கூட்டத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, மந்திரம் கற்கவும் தொடங்கினார்கள். பத்தாயிரம் ஆண்டுத் தடையை அன்று சில பணிகளில் முடித்துவிட்டு, ஏழு வருடம் கழித்து அதே பழைய பகையை அவள் வாயில் திணித்தால் எதை நம்புவது?

"நீங்கள் சோறு போட்டு வளர்த்தீர்கள் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்" என்றான். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எந்தப் பெண் என்று கேட்டாள். பிற்பாடு லோர்தேமாரும் தலிஸ்ராவும் கல்யாணமே செய்துகொண்டார்கள். சம்பந்தம் ஆகிவிட்டது, இனி என்ன பேச.

அதே நேரம் எங்கள் பக்கத்துக்கு ஈடாக வந்தது வாய்ட் எல்ஃப். அலையன்ஸை விட்டுப் போகாத ஹை எல்ஃப்கள் 2008 முதலே டலாரனில் எங்கள் பக்கம் நின்றுகொண்டிருக்க, அவர்களைத் தராமல், அதுவரை யாரும் கேள்விப்படாத ஓர் ஆராய்ச்சிக் குழுவை ஒரே கதையில் ஓர் இனமாக்கித் தந்தார்கள். 2020-ல் அவர்களுக்கே சாதாரணத் தோல் நிறத்தையும் நீலக் கண்ணையும் சேர்த்து ஹை எல்ஃப் சாயல் கொடுத்தார்கள். முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

இதற்கிடையில், 2018-லேயே டெல்ட்ராசில் எரிந்தது. என் பாத்திரம் பிறந்த மரம். அந்தப் போரில் பிளட் எல்ஃப்கள், அதை எரித்த ஹோர்டுத் தலைவி சில்வானஸின் கட்சியில் இருந்தார்கள். ஒரே வம்சத்து மக்கள் வெந்தபோது சில்வர்மூனில் என்ன பேசிக்கொண்டார்கள்? அதற்கென்று ஒரு காட்சிகூட என் கண்ணில் படவில்லை. இது மருமகனுக்கும் உறுத்தல்தான், அவனாகவே சொன்னான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சுராமரைத் தவறவிட வேண்டாம். இரண்டு கட்சியிலும் ஒவ்வொரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதிக் கதைக்கு என்னைப்போல அக்கா வீட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

சிதறிய எல்ஃப் இனங்களை ஒன்றுசேர்க்கும் கதை என்று மிட்நைட் பாகத்தை 2023-ல் அறிவித்தபோது மருமகன் போன் செய்தான்.

"இனி நாம் ஒரே பக்கம் மாமா."

"இருக்கட்டும். அந்த மானாவை முதலில் திருப்பித் தரச் சொல்" என்றேன்.