தக்கலை பக்கத்து காய்கறி குழு: ஒரு மெஸ்காரனோட ரிவ்யூ

விவசாயிகிட்ட இருந்து நேரா காய் எடுத்து வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் குடுக்கிற குழுக்கள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இப்ப அங்கங்க நடக்குது. தக்கலை பக்கம் ஒரு அக்கா நடத்துற குழுவுலதான் நான் மெஸ்சுக்கு காய் வாங்குறேன். காய் கொள்ளாம், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா நான் எழுத வந்தது அந்த அக்கா பாக்குற வேலையைப் பத்தி, ஏன்னா அவங்க வாங்குற கிலோவுக்கு 4 ரூபா எதுக்குன்னு நிறைய பேர் கேக்குறாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் வரும், இந்த வாரம் யாரு தோட்டத்துல என்ன இருக்கு, எது கம்மி, எது வரவே வராதுன்னு. அந்த "வராது" முன்கூட்டியே தெரியிறதுதான் மெஸ்காரனுக்கு பெரிய விஷயம், தடியங்காய் (வெள்ளைப் பூசணி) இல்லன்னு ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சா புளிச்சேரியை (மோர்க்குழம்பு மாதிரி) மாத்தி வேற ஏதாவது யோசிச்சிருவேன், காலைல ஏழு மணிக்கு தெரிஞ்சா என்ன செய்ய? புதனும் சனியும் குட்டி யானையில கிரேட்டு வரும், ஒவ்வொரு கிரேட்டுலயும் ஒரு துண்டு சீட்டு, எந்த ஊரு, என்னைக்கு பறிச்சது, தோட்டத்துல வச்சு எடை போட்டப்ப எத்தனை கிலோ. நம்ம தராசுல திரும்ப போட்டுப் பாக்கலாம், குறைஞ்சா அப்பவே சொல்லலாம். விலையும் அவங்க மனசுக்கு தோணினதை வைக்கிறது இல்ல, நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தை விலையை வச்சு ரெண்டு பக்கமும் பேசி ஒரு மாசத்துக்கு முடிவு பண்ணிருவாங்க, அதுக்கு மேல அவங்க பங்கு 4 ரூபா பில்லுல தனியா இருக்கும்.

ஒரு தடவை வழுதலங்காய், அதாவது கத்திரிக்காய், பாதிக்கு மேல புழு. சமையல்கார அண்ணனுக்கு கோபம்னா அப்படி ஒரு கோபம், கிரேட்டை அப்படியே திருப்பி விடுன்னு நிக்கிறாரு. அக்கா நேர்ல வந்து ஒரு காயை நெடுக கீறி வச்சாங்க, வெளிய பாத்தா குண்டூசி குத்தின மாதிரி ஒரு துளை, உள்ள கருப்பா எச்சம், நடுவுல வெளிர் ரோஸ் கலர்ல புழு. அப்புறம் எங்க முன்னாடியே விவசாயிக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல விட்டாங்க. "மக்கா, மழை விட்டாதானே பறிக்க முடியும், வயலுக்குள்ள காலே வைக்க முடியல, காய் முத்திப் போச்சு"ன்னு அவரு. யாரையும் அவங்க திட்டல, சாரின்னு சொல்லி மழுப்பவும் இல்ல. நல்ல காயை மட்டும் பிரிச்சு எடை போட்டு அதுக்கு மட்டும் காசு, மிச்சத்தை அவரு மாட்டுக்கு எடுத்துக்கிடட்டும், இனி மழையில பறிக்க லேட் ஆனா அந்த வாரம் வழுதலங்காயே வேண்டாம்னு அங்கயே பேசி முடிச்சாங்க. அந்த அண்ணன் இப்பவும் அதே விவசாயி காயைத்தான் கேட்டு வாங்குறாரு.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) விஷயம் இன்னும் கஷ்டம். ஓணம் வந்தா கேரளாக்காரங்க சிப்சுக்கு குலை குலையா அள்ளிட்டுப் போவாங்க, விலை ஏறும், ஓணம் முடிஞ்சதும் சரியும், இது எல்லா வருஷமும் நடக்குறதுதான். அக்கா ஆடி மாசமே தோட்டக்காரங்க கூட உக்காந்து பேசுறாங்க, பெரும்பகுதியை வெளிய நல்ல விலைக்கு குடுங்க, அதை தடுக்க மாட்டோம், ஒரு பங்கை மட்டும் நமக்கு பேசின விலைக்கு விடுங்க, பதிலுக்கு மார்க்கெட் விழும்போது நாங்களும் அந்த விலையில இருந்து இறங்க மாட்டோம்னு. ஓணத்துக்கு எங்களுக்கு காய் வந்துச்சு. அது முடிஞ்சு மார்க்கெட்ல விலை சரிஞ்சதும் எங்க பக்கத்துலயே சில பேரு வெளிய வாங்கலாம்னு கிளம்பினாங்க. அக்கா ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, "தம்பி, அன்னைக்கு அவரு நமக்காக லாபத்தை விட்டாரு, இன்னைக்கு நாம கைவிட்டா அடுத்த வருஷம் எந்த மூஞ்சிய வச்சு கேப்பேன்"னு சொன்னாங்க. ஒருத்தரும் போகல. ரெண்டு பக்கமும் நம்புற ஒரு ஆள் நடுவுல இல்லன்னா இது நடக்குமா சொல்லுங்க.

நம்ம மாவட்டத்து வாழைப்பழமான மட்டிப்பழத்துக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து வெளியூர்க்காரங்களும் கேக்குறாங்க. தோல் மெலிசு, பழுத்தா அதிகம் தாங்காது, தூரமா அனுப்பவும் கஷ்டம், நம்ம ஊருக்குள்ளயே சுத்தி விக்க தோதான பழம் அது. இவங்க குலைத்தண்டுல வெட்டின தேதியை மார்க்கர்ல எழுதி விடுறாங்க, மேல் சீப்புல மஞ்சள் தட்டும்போது வெட்டினதா, அதுக்கு முன்னாடியேவான்னும் கேட்டா சொல்லுவாங்க. கார்பைட் கல்லு வச்சு பழுக்க வைக்கிறது சட்டப்படி தடை, இருந்தும் கடைப் பழம் எப்படி பழுத்துச்சுன்னு தெரியாமத்தான் நாம பிள்ளைகளுக்கு பழம் ஊட்டுறோம். தேதி போட்ட குலையை எடுத்து வீட்டு மூலையில தொங்கவிட்டு தானா பழுக்க வச்சு குடுக்கிறது மனசுக்கு நிம்மதியா இருக்கு.

சிறுகிழங்கு தை மாசம் வேணும்னா எத்தனை கிலோன்னு நடவு நேரத்துலயே கேட்டு வாங்கிட்டாங்க. அதை வச்சுத்தான் ஒரு தோட்டக்காரர் எத்தனை சென்ட் போடணும்னு முடிவு பண்ணாரு. பொங்கல் சமயத்துல கடைக்காரங்க சொல்ற விலையைக் கேட்டவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

உழவர் சந்தை 1999-ல வந்தப்ப இடைத்தரகர் இல்லாம விவசாயியே விக்கலாம்னு வந்துச்சு, அது நல்ல விஷயம், இன்னைக்கும் வடசேரிக்கு போய் வாங்குறவங்க வாங்கட்டும். ஆனா தோட்டத்தையும் பாத்துட்டு விடியக்காலைல சந்தைக்கும் வந்து உக்கார எல்லாராலயும் முடியாது, மெஸ் நடத்துறவனுக்கும் தினம் போய் பொறுக்க நேரம் இல்ல. மண்டிக்கு போட்டா கழிவு, கமிஷன், இறக்குகூலின்னு பிடிச்சதுபோக என்ன மிஞ்சும்னு விவசாயிக்கு சீட்டு கைக்கு வந்தாத்தான் தெரியும். 2020-ல மத்திய அரசு விவசாயிகளே சேர்ந்து நடத்துற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் 10,000 அமைக்கிறதா திட்டம் கொண்டு வந்தாங்க. நிறுவனத்தை ரிஜிஸ்டர் பண்றது எளிது, கணக்கு தெரிஞ்ச, வயல்லயும் அடுக்களையிலயும் போய் உக்காந்து பேசத் தெரிஞ்ச ஒரு ஆளை சம்பளம் குடுத்து வச்சுக்கிறதுதான் கஷ்டம்னு இந்த குழுவைப் பாத்து எனக்கு தோணுது. அந்த 4 ரூபாயை நான் அந்த சம்பளமாத்தான் பாக்குறேன்.

குறையும் சொல்லணும். எல்லாமே அந்த ஒரு அக்கா தலையிலதான் இருக்கு. அவங்க அம்மாவுக்கு முடியாம ஆஸ்பத்திரியில இருந்த வாரம் மெசேஜ் இல்ல, வண்டி இல்ல, ரெண்டு பக்கமும் திண்டாட்டம். கணக்கு, யாரு யாருக்கு என்ன பேச்சு எல்லாம் அவங்க நோட்டுலயும் மண்டையிலயும்தான். இன்னொரு ஆளை கூட வச்சு பழக்கணும், அதுக்கு 4 ரூபா 5 ஆனாலும் நான் தருவேன். மழைக்காலத்துல வண்டி ஒன்பது மணிக்கு மேல ஆகுது, மத்தியான சாப்பாட்டுக்கு அது ரொம்ப லேட்டு. மீனும் இதுல சேத்தா நல்லாயிருக்கும்னு சில பேரு கேக்குறாங்க, எனக்கு அது இப்ப வேண்டாம்னுதான் படுது, ஐஸ், நேரம், மேற்குக் கடல்ல ஜூன் ஜூலை ரெண்டு மாசம் மீன்பிடி தடைக்காலம்னு அது வேற உலகம்.

காசு விஷயத்துல கண்டிப்பு அதிகம், அந்த வாரத்து பில் அந்த வாரமே கட்டணும், மாசக் கடைசின்னு இழுக்க முடியாது. விவசாயிக்கு ரெண்டு நாள்ல பணம் போயிரணும்னு அவங்க பேச்சு குடுத்திருக்காங்க.

அஞ்சுக்கு நாலரை குடுக்கலாம். புதுசா சேர்றவங்க முதல் மாசம் ஒரு அஞ்சாறு காய் மட்டும் சொல்லி பாருங்க, கிரேட்டை கழுவி திருப்பி குடுங்க, ஓணத்துக்கு ஏத்தங்காய் வேணும்னா ஆடிக்கு முன்னாடியே சொல்லி வச்சிருங்க, பிறகு கேட்டா கிடைக்காது.