கல்லும் கடலும்: மால்டாவா, சைப்ரஸா, கிரீட்டா?

மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில் ஒரு வாரம் என்று முடிவானதும் வீட்டுக்குள் தகராறு தொடங்கிவிடும். ஒருவருக்கு மணலில் சும்மா கிடக்க வேண்டும், இன்னொருவருக்கு இடிந்த அரண்மனைகளைச் சுற்ற வேண்டும். இரண்டுமே உண்டு என்று மால்டா, சைப்ரஸ், கிரீட் மூன்றும் விளம்பரம் செய்கின்றன. அது பொய்யில்லை. ஆனால் மணலிலிருந்து பழங்கல்லுக்குப் போக எவ்வளவு நேரம் காரில் உட்கார வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு விளம்பரத்தில் பதில் கிடைக்காது.

மால்டாவில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான், சென்னை மாநகராட்சியைவிடச் சின்னது. பழங்காலக் கற்கோயில்களில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கோசோ தீவின் ஜிகான்டியா கோயில்கள் கி.மு. 3600 வாக்கில் எழுந்தவை, கீசா பிரமிடுகளுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவை. அதைவிட ஆச்சரியம் ஹால் சஃப்லியேனி. சுண்ணாம்புப் பாறைக்குள் அடுக்கடுக்காகக் குடைந்த நிலத்தடிச் சமாதி அது. கூரையில் செங்காவியில் வரைந்த சுருள் கோலங்கள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. ஒரு முறைக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுவார்கள். சீசனில் டிக்கெட் பல வாரம் முன்னதாகவே தீர்ந்துவிடும், அதனால் விமான டிக்கெட்டுக்கு முன் இதை எடுத்துவிடுங்கள்.

கடற்கரைதான் இடிக்கிறது. மால்டாவின் கரை பெரும்பாலும் பாறை. மெல்லீஹா, கோல்டன் பே, கோசோவின் செம்மணல் ரம்லா என்று மணல் கரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோமினோ தீவின் புளூ லகூன் படத்தில் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஆகஸ்டில் நேரில் போனால் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

சைப்ரஸுக்குப் போகிறவர்கள் பலரும் நிஸ்ஸி கடற்கரையின் வெள்ளை மணலைப் பார்த்து அய்யா நாபாவில் அறை போட்டுவிடுகிறார்கள். பழமையான பாஃபோஸோ தீவின் மறுகோடியில், நெடுஞ்சாலையில் போனாலும் இரண்டு மணி நேரத்தை ஒட்டிய தூரம். பாஃபோஸிலேயே தங்குங்கள். கோரல் பே மணல் பக்கத்தில்தான். துறைமுகத்திலிருந்து நடந்தே மொசைக் தளங்களுக்குப் போய்விடலாம். 1962இல் நிலத்தை உழும்போது தற்செயலாக வெளிப்பட்ட ரோமானிய மாளிகையின் தரை அது. மரப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், ஒரு சித்திரத்தில் இரண்டு பேர் போதையில் சரிந்து கிடக்கிறார்கள். மேலே கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது: ‘முதன்முதலில் மது குடித்தவர்கள்’. இந்த ஒரு மூலைக்காகவே நான் சைப்ரஸை ஒரு படி ஏற்றுவேன். லிமசோல் போகும் வழியில் கூரியோன் அரங்கப் படிகளில் உட்கார்ந்தால் எதிரே முழுக் கடல்.

கிரீட்டை ஒரே வாரத்தில் முழுவதும் பார்ப்பேன் என்று கிளம்பாதீர்கள். கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர், நடுவில் மலைகள். எலாஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணல் தென்மேற்கு முனையில், பழைய அரண்மனையான க்னோசோஸ் தலைநகர் ஹெராக்லியோன் அருகே. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் பார்ப்பது சாலையைத்தான். க்னோசோஸ் புகழ்பெற்றது, சரி. ஆனால் 1900இல் அங்கே தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ், கான்கிரீட்டும் சிவப்புத் தூண்களும் வைத்து அரண்மனையின் பல பகுதிகளைத் தன் கற்பனைப்படி எழுப்பிவிட்டார். கிரீட்டின் வெண்கலக் கால மக்களான மினோவன்கள் கட்டியது எது, எவன்ஸ் கட்டியது எது என்று பிரிப்பதற்குள் வெயில் தலைக்கேறிவிடும்.

எனக்குப் பிடித்தது ஃபைஸ்டோஸ் அரண்மனை. குன்றின் மேல் பூச்சு வேலை இல்லாத கல் முற்றம், கீழே மெசாரா சமவெளி. இன்றுவரை யாரும் திருப்தியாகப் படித்துச் சொல்லாத களிமண் வட்டு 1908இல் கிடைத்தது இங்கேதான், இப்போது ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபைஸ்டோஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் மத்தாலா கடற்கரை, அதன் பாறைச் சரிவில் பழங்காலக் கல்லறைக் குகைகள். காலையில் அரண்மனை, மதியம் குளியல். கிழக்குக் கோடிக்குப் போகத் தயார் என்றால் காட்டோ ஸக்ரோஸ் இன்னும் மேல். அங்கே மினோவன் அரண்மனைக்கும் கூழாங்கல் கரைக்கும் இடையில் சில நிமிட நடைதான், பழைய நீர்த்தொட்டியில் ஆமைகள் நீந்துகின்றன.

ஆக, ஏழு நாள் என்றால் பாஃபோஸ். பத்து நாளும் மலைப்பாதையில் ஓட்டத் துணிவும் இருந்தால் தெற்கு கிரீட், அதற்கு நிகர் இல்லை. கடல் இரண்டாம்பட்சம் என்பவர்களுக்கு மால்டா.

மால்டாவிலும் சைப்ரஸிலும் நம் ஊர் போல இடப்பக்கம் ஓட்டலாம், கிரீட்டில் வலப்பக்கம். மால்டாவும், கிரீட்டை உள்ளடக்கிய கிரீஸும் ஐரோப்பாவின் பொதுவான ஷெங்கன் விசாவில் அடங்கும். சைப்ரஸ் அதில் சேர முயன்றுவருகிறது, கிளம்பும்போது நிலவரத்தைத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாட்டுக்கு கிரீட் வசதி: தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த தாக்கோஸ், வேகவைத்த கீரை. சைப்ரஸில் கொலோகாசி என்று மெனுவில் பார்த்தால் அது நம் சேப்பங்கிழங்குதான். ஆனால் பெரும்பாலும் பன்றிக்கறியோடு சமைப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் நிழலில்லாத இடிபாடுகளில் மதியம் நிற்கவே முடியாது. செப்டம்பர் கடைசியில் போனால் கடல் இதமாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.