காயின வெட்டுற வீடியோவ நம்பி ட்ராமா ஷியர்ஸ் வாங்காதீங்க

ட்ராமா ஷியர்ஸ்னா அடிபட்டவங்க போட்டிருக்குற துணிய சட்டுன்னு வெட்டி எடுக்குற கத்திரி. ஆம்புலன்ஸ்ல, எமர்ஜென்சில வேலை பாக்குறவங்க, இப்பதான் ட்ரெய்னிங் முடிச்சு சொந்தமா கிட் சேக்குறவங்க எல்லாரும் இத ஒருதடவ படிச்சிருங்க. பணம் போனதோட முடிஞ்சிருந்தா இவ்ளோ நீளமா எழுதிருக்க மாட்டேன், அந்த கத்திரி ஒரு ஆளுக்கு ரத்தம் போயிட்டிருக்கும்போது என் கைல வேலை செய்யாம நின்னுச்சு, அதான் இன்னும் மனசு ஆறல.

என் பழைய ஷியர்ஸ் ரொம்ப நாள் உழைச்சு மழுங்கிப்போச்சு, புதுசு வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடினேன். ஒரு விற்பனையாளர் போட்ட வீடியோ வந்துச்சு. கருப்பு கத்திரி, ஒரு காயின், ஒரே அமுக்கு, ரெண்டா விழுது. கீழ சர்ஜிக்கல் ஸ்டீல், டைட்டானியம் கோட்டிங், ஆட்டோக்ளேவ் பண்ணலாம், அதாவது அழுத்த நீராவில வச்சு கிருமி நீக்கலாம்னு பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. காயினையே வெட்டுதுன்னா ஜீன்ஸ் எம்மாத்திரம்னு நெனச்சு அன்னைக்கே ஆர்டர் போட்டேன்.

அந்த வீடியோவ திரும்பத் திரும்பப் பாத்த பிறகுதான் விஷயம் புரிஞ்சுது. காயின வச்சது பிளேடோட அடில, ரெண்டு பிளேடையும் சேக்குற ஆணிய ஒட்டினாப்ல. அந்த இடத்துல எந்தக் கத்திரிக்கும் நெம்பு பலம் ஜாஸ்தி. அதுவும் காயின் கெட்டியா நிக்கும், மடங்காது. துணி அப்படியில்லைங்க, ரெண்டு பிளேடுக்கும் நடுவுல தலைமுடி அளவு சந்து கிடைச்சாலே மடங்கி உள்ள படுத்துக்கும், அப்புறம் நீங்க எவ்ளோ அமுக்கினாலும் கத்திரி மெல்லுமே தவிர வெட்டாது. நனைஞ்ச துணின்னா இன்னும் மோசம், நமக்கு வர்ற துணி பெரும்பாலும் ரத்தத்துலயோ மழைலயோ ஊறித்தான் வரும். காயின் வெட்டுறதுல இருந்து தெரியுறது கைப்பிடி சட்டுன்னு உடையாதுங்கிறது மட்டும்தான், போதாக்குறைக்கு அப்படி வெட்டிப் பாத்தா பிளேடோட வெட்டுற ஓரத்துல பொளிவு விழுந்துரும், அப்புறம் அந்த இடத்துல துணி மாட்டும்.

முதல் அறிகுறி சீக்கிரமே தெரிஞ்சுது, நான்தான் கண்டுக்கல. ஒரு கேஸ் முடிஞ்சு கழுவி ஆட்டோக்ளேவ்ல 121 டிகிரில போட்டு எடுத்தேன், கட்டைவிரல் போடுற வளையம் ஒரு பக்கமா சாஞ்சு முட்டை மாதிரி ஆயிருந்துச்சு. விற்பனையாளருக்கு மெசேஜ் போட்டா "நீங்க சூடு அதிகமா வச்சிருப்பீங்க"ன்னு பதில். 121 டிகிரிதான் ஆட்டோக்ளேவோட சாதாரண சூடு, 134 வரைக்கும் கூட ஓட்டுவாங்க, அத தாங்காத பிளாஸ்டிக்க போட்டுட்டு ஆட்டோக்ளேவ் பண்ணலாம்னு எழுதுறது சுத்தப் பொய். ஏபிஎஸ் பிளாஸ்டிக்னா 105 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சிரும். அன்னைக்கே தூக்கிப் போட்டிருக்கணும், வெட்டுற வரைக்கும் வெட்டட்டும்னு பையிலயே வச்சிருந்தேன்.

அப்புறம் அந்த ராத்திரி. பைக் ஆக்சிடென்ட், தொடைக்கு மேல, இடுப்பு மடிப்புக்குக் கிட்ட காயம். டூர்னிகே, அதாவது ரத்தத்த நிறுத்த இறுக்கிக் கட்டுற பட்டை, அத கட்ட மேல இடமே இல்ல, காயத்துக்குள்ள காஸ் துணி திணிச்சு அழுத்தணும், அதுக்கு ஜீன்ஸ் போயாகணும். கூட இருந்த அண்ணன் ஜீன்ஸ் மேலயே உள்ளங்கைய வச்சு முழு பாரத்தையும் போட்டு அமுக்கிட்டிருந்தார், நான் கீழ இருந்து மேல வெட்டிட்டு வந்தேன். முழங்கால் வரைக்கும் சுமாரா வந்துச்சு. பாக்கெட் துணியும் தையலும் சேர்ற இடம் வந்ததும் நின்னுச்சு. துணி ரெண்டு பிளேடுக்கும் நடுவுல மடிஞ்சு சொருகிக்கிச்சு, தொறக்கவும் வரல மூடவும் வரல, கையுறை ரத்தத்துல வழுக்குது, கோணின வளையம் கட்டைவிரல்ல அறுக்குது. இழுத்துத் திருப்பினேன், ஆணி கிட்ட லேசா ஒரு சத்தம், ரெண்டு பிளேடும் ஆளுக்கொரு பக்கமா ஆடிச்சு. அண்ணன் ஒரு கைய அமுக்கினபடியே வச்சுக்கிட்டு இன்னொரு கையால இடுப்புல இருந்த அவரோட பழைய கத்திரிய உருவி "தம்பி, அத விடு, இந்தா இத புடி"ன்னு நீட்டினார். நிறம் மங்கின சாதாரண ஆரஞ்சு கைப்பிடி. ஒரே ஓட்டத்துல இடுப்புப் பட்டி வரைக்கும் போயிருச்சு. எவ்ளோ நேரம் வீணாச்சுன்னு எனக்கு சொல்லத் தெரியல, ஆனா அந்த நேரம் முழுக்க அடிபட்ட மனுஷன் என் கத்திரியவே பாத்துட்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரில ஒப்படைக்கும்போது பேசிட்டுதான் இருந்தார். அது அண்ணனோட உள்ளங்கையால.

மறுநாள் ரெண்டு கத்திரியையும் பக்கத்துல வச்சுப் பாத்தோம். நல்ல ஷியர்ஸ்ல ஒரு பிளேடுல பொடிப்பொடியா பல் வெட்டியிருக்கும், துணி வழுக்கி முன்னால ஓடாம புடிச்சு வைக்கிறது அதான். என்னோடதுல அது கருப்பு கோட்டிங் மேல போட்ட கோடு மாதிரிதான் இருந்திருக்கு, கோட்டிங் உரிஞ்ச இடத்துல நகத்த வச்சு இழுத்தா வழவழன்னு போகுது. கோட்டிங் உரிஞ்சதுக்கு அடில துரு வேற. ரத்தம் பட்டா பிளீச்சிங் தண்ணில முக்கிட்டு அப்படியே வச்சிர்றோம் பாருங்க, குளோரின் நல்ல ஸ்டீலையே குழி குழியா அரிக்கும், அதனால உடனே நல்ல தண்ணில அலசி துடைக்கணும், இதுல என் தப்பும் கொஞ்சம் இருக்கு.

சர்ஜிக்கல் ஸ்டீல்ங்கிற பேர வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க, அது ஒரு குறிப்பிட்ட கிரேடு கிடையாது, யார் வேணா எழுதிக்கலாம். கிரேடு நம்பர் கேளுங்க. இந்த மாதிரி கத்திரிக்கு வழக்கமா போடுறது 420 வகை ஸ்டெயின்லெஸ், 12லிருந்து 14 சதவீதம் குரோமியம் இருக்கும், சூடுபடுத்தி கடினமாக்க முடியும், அதனால கூர்மை நிக்கும். அது காந்தத்துல ஒட்டும். காந்தம் ஒட்டினா டூப்ளிகேட்னு சில பேர் சொல்றத நம்பி நல்ல கத்திரிய திருப்பி அனுப்பிராதீங்க. சமையல் பாத்திரத்துக்குப் போடுற 304 வகைதான் பெரும்பாலும் ஒட்டாது, அத சூடுபடுத்தி கடினமாக்க முடியாது, கத்திரிக்கு அது ஆகாது.

விற்பனையாளர்கிட்ட போட்டோ எல்லாம் அனுப்பி கேட்டேன். முதல்ல பதிலே இல்ல. அப்புறம் "ரத்தம் பட்ட பொருள், சுகாதாரக் காரணத்தால திரும்ப எடுக்க மாட்டோம்". ரத்தம் படுறதுக்குத்தானய்யா அத வித்தீங்க! மறுபடி கேட்டதும் ஆணி தளர்ந்தது உபயோகிச்ச விதத்தாலன்னு சொல்லிட்டு என்ன பிளாக் பண்ணிட்டாங்க. லிஸ்டிங்ல இருந்த படத்துல ஆணி இருந்த இடத்துல இறுக்குற ஸ்க்ரூ இருந்துச்சு, எனக்கு வந்தது தட்டி அடிச்ச ரிவெட், அத இறுக்கவே முடியாது. பார்சல் வந்த அன்னைக்கே படத்தோட ஒப்பிட்டுப் பாத்திருந்தா திருப்பி அனுப்பிருக்கலாம்.

இப்ப புதுசு கைக்கு வந்ததும் நான் முதல்ல செய்றது, ஒரு காஸ் துண்ட தண்ணில நனைச்சு, ஒத்த மடிப்பா, பிளேடோட நுனியால மட்டும் வெட்டிப் பாக்குறது. அடிப்பக்கத்தால இல்ல, நுனியால. இழுபடாம சுத்தமா வெட்டணும். பத்து தடவ வெட்டினா பத்து தடவயும். அப்புறம் முழுசா தொறந்து ஒரு கைப்பிடிய மட்டும் புடிச்சு இன்னொன்ன விட்டுப் பாப்பேன், தொபுக்குன்னு விழுந்தா ஆணி லூசு. மூடி வெளிச்சத்துல புடிச்சா நடுவுல லேசா வெளிச்சம் தெரியும், அத பாத்து பயப்படாதீங்க, நல்ல கத்திரிய அப்படி லேசா வளைச்சுதான் செய்வாங்க, வெட்டுற புள்ளில மட்டும் பிளேடுங்க உரசணும்னு. ஆனா நுனி ரெண்டும் ஒட்டி நிக்கணும், அங்க சந்து தெரிஞ்சா வேண்டாம். கீழ் பிளேடோட மொட்டை நுனிய உங்க முன்னங்கைல வச்சு தோல் மேல தள்ளிப் பாருங்க, கீறக் கூடாது, அதுல பிசிறு இருந்தா பேஷண்ட் தோல கிழிச்சிரும். கையுறை போட்டும் ஒருதடவ புடிச்சுப் பாருங்க. இடது கைக்காரங்க இன்னும் கவனமா இருங்க, வலது கைக்குன்னு செஞ்சத இடது கைல புடிச்சா கட்டைவிரல் அழுத்தமே பிளேடுங்கள பிரிச்சிவிட்டுரும், நல்ல கத்திரி கூட துணிய மெல்லும்.

சீட் பெல்ட்டுக்கு தனியா கொக்கி மாதிரி இருக்குற கட்டர் ஒன்னு வச்சுக்கங்க, சர்ருன்னு ஒரே இழுவைல போயிரும்.

பழைய ஜீன்ஸ் ஒன்ன தண்ணில ஊறவச்சு, கால்ல இருந்து இடுப்புப் பட்டி வரைக்கும், பாக்கெட் தையல் தாண்டி, ஒருதடவ வெட்டிப் பாத்துட்டு அப்புறம் பையில போடுங்க. அண்ணன் அந்த ஆரஞ்சு கத்திரிய அப்படித்தான் வாங்கினாராம், கேட்டப்ப சொன்னார்.