ஆர்ம் லிஃப்ட் ஆபரேஷனுக்குப் பிறகு போடும் அழுத்த ஜாக்கெட்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

உடம்பு பெரிதாக இளைத்த பிறகு மேல்கையில் தொங்கும் தோலை எடுத்தால், அக்குளில் தொடங்கி முழங்கை வரை நீளமாகத் தையல் ஓடும். அதன் மேல் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் அழுத்த உடை வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும் என்பார்கள். சர்ஜிகல் கடையில் கேட்டால் மூன்று சாமான் எடுத்துக் காட்டுவார்கள்: க்ரேப் பேண்டேஜ், மணிக்கட்டு வழியாக மேலே இழுத்துப் போடும் ஒற்றைக் கை ஸ்லீவ், இரண்டு கையும் முதுகோடு சேர்ந்து முன்பக்கம் ஹூக்கோ ஜிப்போ வைத்த ஜாக்கெட். மூன்றில் விலை கூடியது ஜாக்கெட்தான். இருந்தும் ஆரம்ப வாரங்களுக்கு அதைத்தான் சொல்வோம்.

க்ரேப் பேண்டேஜை ஆபரேஷன் தியேட்டரில் பழகின கை சுற்றினால் நன்றாக நிற்கும். வீட்டில் அவிழ்த்துத் திரும்பச் சுற்றும்போதுதான் வம்பு. ஒரு சுற்று இறுகும், அடுத்தது தளரும். கையை நாலு தடவை மடக்கினாலே துணி முழங்கையில் திரண்டு கயிறு மாதிரி இறுக்கும், அதற்குக் கீழே கை வீங்கும்.

ஒற்றை ஸ்லீவ் மட்டமான சாமான் இல்லை. ஆனால் அது நிணநீர் வீக்கத்துக்காக, பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்குகிறவர்களுக்காகச் செய்தது. மேல் விளிம்பு அக்குளுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். வழுக்காமல் இருக்க அங்கே ஒரு சிலிகான் பட்டையும் இருக்கும். இந்த ஆபரேஷனிலோ தையல் பிரிவதற்கு அதிக வாய்ப்புள்ள இடமே அக்குள்தான்: வியர்வை, ஓயாத அசைவு, கையைத் தூக்கும்போதெல்லாம் இழுப்பு. அந்த இடத்தை மூடாமல் விட்டு, அதன் வாசலிலேயே பட்டையை இறுக்கினால் மேலே நீர் கோத்துக்கொள்ளும். போடும்போது புதுத் தையல் மேல் துணி உரசிக்கொண்டு போவது வேறு.

ஜாக்கெட்டை வாங்குமுன் உள்பக்கத்தை வெளியே புரட்டி, தையல் கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் தட்டுகிற மடிப்பு ஆறாத தோலில் புண்ணாக்கும். துணியின் தையல் கோடு ஆபரேஷன் தழும்பின் மேல் விழக்கூடாது. வெட்டு உள்பக்கமா பின்பக்கமா என்று சர்ஜனிடம் முன்பே கேட்டு, அதற்கு ஒதுங்கின மாடலாக எடுங்கள். அக்குளில் துணி படிந்து உட்கார வேண்டும், வெட்டி அழுத்தக்கூடாது. கை நீளம் மணிக்கட்டு வரை இருப்பது நல்லது. முழங்கையோடு நின்றால் வீக்கம் முன்கைக்கு இறங்கிச் சேர்ந்துகொள்ளும். ஹூக் இரண்டு மூன்று வரிசை இருந்தால், வீக்கம் வடிய வடிய உள்வரிசைக்கு மாற்றலாம். ஒரே ஜிப் வைத்ததில் அந்த வசதி இல்லை. தலைவழியாகப் போடுவது எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம், கையைத் தோளுக்கு மேலே தூக்கவே அனுமதி இருக்காது.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தொங்கும் தோலோடு எடுத்த மேல்கைச் சுற்றளவு ஆபரேஷனுக்குப் பிறகு செல்லாது. அதனால் முதல் ஜாக்கெட்டின் அளவைச் சர்ஜனே சொல்லட்டும். இரண்டாவதை வீக்கம் பாதி வடிந்த பிறகு, மணிக்கட்டு, முன்கை, மேல்கையின் நடு, அக்குளை ஒட்டிய இடம், மார்பு என்று ஐந்து இடத்தில் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். உள்ளாடை என்று சொல்லிப் பல கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். பில் போடுமுன் கேட்டுவிடுங்கள்.

போடும்போது உட்கார்ந்துகொண்டு, ஒரு கையை நுழைத்து, வீட்டில் ஒருவர் முதுகுப்பக்கம் துணியைக் கொண்டுவர, மறு கையை நுழைக்க வேண்டும். பிறகு ஹூக்கைக் கீழிருந்து மேலாகப் பூட்டுங்கள். முழங்கை மடிப்பில் சுருக்கம் இருந்தால் உடனே நீவிவிடுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் சுரீரென்றால், முழங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். முன்கையின் உள்பக்கம் மரத்திருப்பது வேறு விஷயம், ஆபரேஷனில் தோல் நரம்பு இழுபட்டதாலும் வரும், அடுத்த விசிட்டில் சொன்னால் போதும். விரல் நீலமாகவோ சில்லென்றோ ஆனால் மட்டும் யோசிக்காமல் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கினாலும், சிவந்து சுட்டாலும், காய்ச்சல் வந்தாலும், தையலில் சீழோ நாற்றமோ தெரிந்தாலும் அப்படியே.

நம் ஊர் வெயிலுக்கு ஒரே ஜாக்கெட் போதாது. ஒன்று காயும்போது மற்றொன்று உடம்பில் இருக்க வேண்டும். மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து நிழலில் போடுங்கள். மொட்டைமாடி வெயிலும் வாஷிங் மெஷின் டிரையரும் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் கெடுத்துவிடும். அக்குளில் வேர்த்தால் காஸ் துணி வைக்கலாம், தையல் மேல் பவுடர் கூடாது.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். முன்பக்கம் திறக்கிற நைட்டி அல்லது சட்டை, மல்லாந்து படுக்கும்போது கைக்கு இருபக்கமும் தலையணை, பரணிலும் மேல்தட்டிலும் இருப்பதை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைப்பது. தண்ணீர்க் குடம், சிலிண்டர், குழந்தை எதையும் சர்ஜன் சொல்லும்வரை தூக்கக்கூடாது.

பேரியாட்ரிக் ஆபரேஷன் (எடை குறைப்பதற்கான வயிற்று ஆபரேஷன்) செய்து இளைத்தவர்களுக்கு இரண்டு விஷயம் முக்கியம். புரதம் குறைந்தால் எந்த ஜாக்கெட்டும் தையலை ஆற வைக்காது. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து, பி12 அளவுகளை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, அதில் ஒரு வகையான கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) ஆனவர்கள் டைக்ளோஃபினாக், ஐப்யூபுரொஃபென் வகை வலி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது, இரைப்பை இணைப்பில் புண் வரும். மருந்துச் சீட்டு எழுதும்போதே பைபாஸ் ஆனதைச் சொல்லிவிடுங்கள்.

தையல் முழுசாக மூடிய பிறகு சர்ஜன் சரி என்றால், தழும்பு தடிக்காமல் இருக்க அதன் மேல் ஒட்டும் சிலிகான் ஷீட் தொடங்கலாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் ஒட்ட வேண்டும். ஜாக்கெட்டுக்கு அடியிலேயே அது நன்றாக நிற்கும். அந்தக் கட்டத்தில் மாலை வீக்கம் மட்டும் மிச்சமிருக்கிறவர்களுக்கு, முதலில் வேண்டாம் என்று சொன்ன ஒற்றை ஸ்லீவ் பகலில் போட வசதியானது. புடவை ரவிக்கைக்கோ சட்டைக்கோ அடியில் வெளியே தெரியாது.