தண்ணீர் முறைக்கு மேப்: மை மேப்ஸா, யூமேப்பா?

வேலூர் மாநகராட்சிக்குப் பாலாறு, பொன்னையாறு, காவிரி என்று தண்ணீர் பல பக்கமிருந்து வருகிறது. எந்த ஆற்றுத் தண்ணீர் என்பதெல்லாம் காட்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் நகர்க்காரர்களுக்கு அப்புறம்தான். "நம்ம தெருவுக்கு எப்பங்க வுடுவாங்க?" என்பதற்குத்தான் விடை வேண்டும். அதற்கு ஒரு மேப் போடலாம் என்று குடியிருப்போர் நலச் சங்கத்தில் பேச்சு வந்தது, வேலை என் தலையில் விழுந்தது. நாமே புள்ளி வைத்து மேப் போட உதவும் கூகுள் மை மேப்ஸ், யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட அதே மாதிரியான யூமேப் இரண்டிலும் எங்கள் தெருக்களைப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் எடுத்தது யூமேப். இரண்டுமே இலவசம், இரண்டுமே லிங்க் அனுப்பினால் போனில் திறக்கும். அதனால் அந்தக் கணக்கெல்லாம் இங்கே வேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது மேப் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் குரூப்புக்குள் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். காலையில் போட்ட "டேங்க் ஏறல, இன்னிக்கு லேட்" என்ற தகவல் மதியத்துக்குள் திருமண நாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும். பிறகு அதே கேள்வியை வேறொருவர் கேட்பார்.

குடிநீர் நிறுவனங்கள் மக்களுக்கென்று போட்ட மேப்புகளைக் கொஞ்சம் மேய்ந்தேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் குடிநீர் நிறுவனம் 2016-இல் ஈயக் குழாய் மேப் ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வட்டம். வட்டத்தின் ஒரு பாதி பொது இடத்தில் இருக்கும் குழாய், மறு பாதி வீட்டுக்காரர் இடத்தில் இருக்கும் குழாய். தகவல் இல்லாத பாதியைத் தகவல் இல்லை என்றே காட்டினார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் 2018 ஜனவரியில், ஊரே வறண்டு கிடந்தபோது, சிக்கனமாகத் தண்ணீர் செலவழிக்கும் வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி வைத்தது. மாதம் 6,000 லிட்டருக்குள் என்றால் கரும்பச்சை, 10,500 லிட்டருக்குள் என்றால் இளம்பச்சை. லண்டனின் தேம்ஸ் வாட்டர் 2023 ஜனவரியில், கழிவுநீர் எந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது என்பதை உடனுக்குடன் காட்டும் மேப்பை வெளியிட்டது.

இவை பார்க்க அழகாக இருப்பதற்குக் காரணம் வரைந்த கை இல்லை. லண்டனில் கழிவுநீர் வழியும் வாயில் கருவி இருக்கிறது, அது தகவல் அனுப்ப மேப்பில் நிறம் மாறுகிறது. கேப்டவுனில் மீட்டர் கணக்கு ஏற்கெனவே பில்லுக்காக எடுத்து வைத்தது. யாரும் தினம் உட்கார்ந்து கலர் அடிப்பதில்லை. எங்களிடம் இருக்கும் கருவி, நீண்ட இரும்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் வரும் ஒரு மனிதர். அவர் வால்வு குழியின் மூடியைத் தள்ளி, சாவியை இறக்கித் திருகினால்தான் எங்களுக்குத் தண்ணீர்.

ஆகவே எந்த மேப் அழகு என்பது எங்களுக்குக் கேள்வியே இல்லை. முறை மாறும் நாளில் அதை யார் திருத்துவது? மின்சாரம் போய் டேங்க் ஏறாத நாள், மெயின் குழாய் உடைந்த நாள், கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது இன்னும் தள்ளிப்போகும் வாரம், இப்படி முறை மாறிக்கொண்டேதான் இருக்கும். அன்று திருத்தப்படாத மேப் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல், ஏனென்றால் ஜனங்கள் அதை நம்பிக் குடத்தைக் கழுவி வைத்திருப்பார்கள்.

மை மேப்ஸ் எங்களிடம் தோற்றது இங்கேதான். ஒரு ஷீட்டில் தெரு வாரியாக விவரம் எழுதி அதில் ஏற்றலாம், அழகாக உட்காரும். ஆனால் ஏற்றிய பிறகு ஷீட்டுக்கும் மேப்புக்கும் உறவு இல்லை. ஷீட்டில் நேரத்தை மாற்றினால் மேப்பில் மாறாது. மறுபடி ஏற்ற வேண்டும், அல்லது மேப்புக்குள்ளேயே போய் அந்தப் புள்ளியைத் தேடித் திருத்த வேண்டும். இதற்கென்று இருந்த ஆண்ட்ராய்டு செயலியையும் 2021-இல் நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆள் இருக்கும் அலுவலகத்துக்கு இது பெரிய விஷயமில்லை. தெருவில் போனோடு நிற்கும் ஆளுக்குப் பெரிய விஷயம்.

யூமேப்பில் ஒரு லேயரை, அதாவது மேப்பின் மேல் போடும் ஓர் அடுக்கை, வெளியே இருக்கும் தரவோடு இணைத்து விடலாம். கூகுள் ஷீட்டை இணையத்தில் வெளியிட்டு, அந்த முகவரியை லேயரில் கொடுத்துவிட்டால் போதும். மேப்பைத் திறக்கும்போதெல்லாம் ஷீட்டிலிருந்து படித்துக்கொள்ளும். சில நிமிடத் தாமதம் உண்டு, தண்ணீர் விஷயத்தில் அது பாதகமில்லை. எங்கள் ஷீட்டில் தெரு, புள்ளியின் அட்சரேகை தீர்க்கரேகை, கடைசியாக விட்டது, அடுத்த முறை, தகவல் சொன்னவர் என்று பத்திகள். புள்ளியைத் தொட்டால் இந்த வரி விரியும். எந்த வால்வில் எந்தெந்தத் தெரு என்ற எல்லையைத் தனி லேயரில் ஒரே முறை வரைந்துவிட்டோம், அதை யாரும் தொட வேண்டியதில்லை.

வால்வு திறப்பவரிடம் மேப்பைக் காட்டியபோது சிரித்தார். "இதெல்லாம் நமக்கு வராது சார். எந்த வால்வு, எப்ப தொறந்தேன்னு கேளுங்க, சொல்லிடறேன்" என்றார். நியாயம்தானே. அவர் போனில் சொல்கிறார், சங்கத்தின் பொருளாளர் அம்மா ஷீட்டில் ஒரு வரியை மாற்றுகிறார். சந்தாக் கணக்கு எழுதிப் பழகிய கை, அதனால் ஷீட் அவருக்குப் புதிதில்லை. மேப்பை எப்படித் திருத்துவது என்று அவர் கற்றுக்கொள்ளவும் இல்லை, தேவையும் இல்லை.

ஆனால் அந்த போன் வராவிட்டால் எந்த மேப்பும் சும்மாதான். நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம் முதலில் ஹூப்ளி-தார்வாடிலும் பிறகு பெங்களூரிலும் இதே முறையைப் பெரிய அளவில் செய்தது. வால்வு திறப்பவர்கள் தகவல் சொல்ல, வீடுகளுக்குக் குறுஞ்செய்தி போகும். பெங்களூரில் ஆய்வாளர்கள் களத்தில் சோதித்தபோது, திறப்பவர்களிடமிருந்து தகவல் ஒழுங்காக வராததும், வந்த செய்தி தண்ணீருக்குக் காத்திருக்கும் பெண்களிடம் போகாமல் வெளியே வேலைக்குப் போனவரின் போனில் தங்கிவிட்டதும் தெரிந்தது. எங்கள் தெருக்களிலும் அப்படி வீடுகள் உண்டு. அதனால் ரேஷன் கடைச் சுவரில் ஒரு கரும்பலகையையும் விட்டு வைத்திருக்கிறோம்.

மை மேப்ஸை ஒரேயடியாக ஒதுக்கவும் மனசில்லை. அதில் செயற்கைக்கோள் படம் அடியில் இருக்கிறது. மொட்டை மாடியில் நீல சின்டெக்ஸ் தெரிந்ததும் "இதான் எங்க வூடு" என்று பெரியவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். யூமேப்பின் வழக்கமான அடிப்படை மேப்பில் வெறும் கோடும் பெயரும்தான், எங்கள் சந்துகள் சில அதுவும் இல்லாமல் இருந்தன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அவற்றை நாமே வரைந்து சேர்க்க முடிந்தது. முறையே மாறாத ஊர், அல்லது ஏரி, கிணறு, டேங்க் எங்கே என்று ஒரு தடவை காட்டினால் போதும் என்பவர்கள் மை மேப்ஸையே எடுக்கலாம்.

நேரடியாகக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கலாம் என்று ஒருவர் ஆவேசமாகச் சொன்னார். கேப்டவுனில் நல்ல பேர் வாங்கித் தந்த பச்சைப் புள்ளிக்கே, வீட்டுச் செலவை ஊருக்குக் காட்டுவதா என்று எதிர்ப்பு வந்தது. இங்கே சிவப்பு வைத்தால் காவல் நிலையத்தில்தான் முடியும். வேண்டாம் என்று விட்டோம்.

எங்களுடையது சில தெருக்கள்தான். ஒரு முழு மண்டலத்துக்கு இந்த ஷீட் ஏற்பாடு தாங்குமா என்பதற்கு எங்கள் அனுபவம் போதாது. யூமேப்பின் இலவச சர்வரைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், எப்போதும் இருக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. எதற்கும் மேப்பை அவ்வப்போது கோப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறோம். ஷீட் எப்படியும் எங்களிடம் இருக்கிறது.

குழாய்க் கசிவையும் ஜனங்களே மேப்பில் குறிக்கட்டும் என்று இப்போது கேட்கிறார்கள். ஒரு படிவம் வைத்து அதே ஷீட்டில் இறக்குவது சுலபம். ஆனால் குறித்ததைப் பார்த்துப் பள்ளம் தோண்ட ஆள் வரப்போவது எங்கள் சங்கத்திலிருந்து இல்லையே. அதனால் அந்தப் பட்டனை வைக்கவில்லை. புகார் எண்ணை மேப்பின் மூலையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.